சர் ரூபர்ட் ஒரு தடவைதான் கேட்டாரு

வேண்டாம் தாயி, வேண்டாம். நீ சாப்பிடு. இந்த வயசுல எனக்கெதுக்கு முறுக்கு.

பாத்தியா, டப்பாவை மூடிட்டே.

கோவிச்சுக்கிடாத, சும்மா சொல்லுதேன். நீ போன்ல உங்க அம்மாகூடப் பேசினது காதுல விழுந்துதான் பின் சீட்டுல இருந்து எந்திரிச்சு இங்க வந்து உக்காந்தேன். கிறைஸ்ட்சர்ச் பஸ்ல தமிழ்ச் சத்தம் கேட்டா எனக்கு இருப்புக்கொள்ளாது. நீயும் முகத்தைச் சுளிக்காம டப்பாவைத் திறந்து நீட்டினே. நல்ல வளர்ப்பு. நான் வேண்டாம்னேன். அதுவும் நல்ல வளர்ப்புதான். ஆனா ஒரு தடவை சொன்னதுமே மூடிட்டே பாரு, அங்கதான் இந்த ஊர்க் காத்து உன்மேலயும் அடிச்சிருக்கு. இந்த ஒரு விஷயத்துலதான் தாயி என் குடும்பமே இப்ப அல்லாடிக்கிட்டுக் கிடக்கு. நீ எங்க இறங்குதே? லிட்டெல்டன் துறைமுகமா? நானும் அங்கதான். அப்ப நேரமிருக்கு, கேளு.

நம்ம ஊர்ல ஒருத்தர் வேண்டாம்னா என்ன அர்த்தம்? இன்னொரு தடவை கேளுங்கன்னு அர்த்தம். ரெண்டாவது தடவை கேட்டா 'சேச்சே'ம்போம். மூணாவது தடவை கேக்கவே மாட்டாங்க, இலையில வச்சிருவாங்க. 'என்ன இது, சொல்லச் சொல்ல'ன்னு முனங்கிக்கிட்டே சாப்பிடுவோம். இதுல யாருக்கு என்ன நஷ்டம்? நான் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா இருந்து ரிட்டயர் ஆனவன். பேரு கோமதிநாயகம். சிரஸ்தார்னா கலெக்டருக்கு அடுத்து எல்லாமே நான்தான்னு வச்சுக்கோயேன். இல்ல, நடுவுல ஒரு நாலஞ்சு பேர் இருப்பாங்க, அதை விடு. மந்திரி வந்தா எந்த நாற்காலி, யாரு முதல்ல மாலை போடணும், எலுமிச்சம்பழம் யாரு குடுக்கணும், எல்லாம் என் பொறுப்பு. மாலையைப் பாத்ததும் மந்திரி வேண்டாம் வேண்டாம்னு கையைத் தூக்குவாரு. அதை நம்பி மாலையைக் கொண்டுபோய் ரூம்ல வச்சேன்னா மறுநாள் நான் தண்ணியில்லாத ஊர்ல இருப்பேன். அந்த வேண்டாமுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சவன்தான் சிரஸ்தார்.

என் கல்யாணத்துலயே இந்தக் கூத்து நடந்துச்சு. பாயசம் ரெண்டாவது தடவை கொண்டுவந்தான் ஒரு பய. மாப்பிள்ளையாச்சே, கௌரவமா வேண்டாம்னேன். அவன் பாட்டுக்கு வாளியைத் தூக்கிக்கிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டான். நான் இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டேன். பந்தியே எந்திரிச்சுப் போச்சு. மாமனார் ஓடிவந்தாரு. வாளி திரும்பி வந்துச்சு. பொண்ணுதான், ஆவுடை, அவளே கரண்டியை வாங்கி ஊத்தினா. அன்னைக்குப் பிடிச்சுக்கிட்டா பாத்துக்கோ. அதுக்குப் பிறகு இத்தனை வருஷத்துல எதையும் என்கிட்ட மூணு தடவைக்குக் குறைஞ்சு அவ கேட்டதே இல்ல. தோசையானாலும் சரி, தலைவலிக்கு மாத்திரையானாலும் சரி.

நான் அவகிட்ட எத்தனை தடவை கேப்பேன்னா? நான் எதுக்குக் கேக்கணும்? அவதானே அடுப்படியில இருக்கா. வேணும்னா எடுத்துச் சாப்பிடப் போறா.

சரி, கதைக்கு வாரேன். எங்க மக வடிவு இங்க ஆஸ்பத்திரியில நர்ஸ். அவகூட இருக்கத்தான் ரெண்டு பேரும் வந்தோம். வந்த கொஞ்ச நாள்லயே எனக்குள்ள இருந்த திறமையை அவ கண்டுபிடிச்சுட்டா. 'அப்பா, நீங்க நாள் முழுக்க வீட்டுக்குள்ளயே இருந்து எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணுதது எனக்கு மூச்சு முட்டுது, எங்கயாவது போய் நாலு பேருகிட்டப் பேசுங்க'ன்னு கெஞ்சினா. அவளே காரைப் போட்டுக் கொண்டுபோய் ஹேல்ஸ்டன் மாளிகையில விட்டா. அங்க வர்றவங்களுக்குச் சுத்திக் காட்டி வரலாறு சொல்ல ஆள் வேணும். சம்பளம் கிடையாது. கௌரவப் பதவி.

ஹேல்ஸ்டன் குடும்பம் லேசுப்பட்ட குடும்பம் இல்ல தாயி. இங்க இருக்கற சர் பட்டமெல்லாம் பெரும்பாலும் ஆளு செத்தா அதோட போயிரும். இவங்களுது அப்படி இல்ல. அப்பன் போனா மகனுக்கு, மகன் போனா பேரனுக்கு. நம்ம ஜமீன் மாதிரி. முதல் சர், ஆல்பிரட்டு, இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்தப்ப இந்தப் பக்கமெல்லாம் வெறும் புல்லுக்காடு, ஆள் நடமாட்டமே இல்ல. அப்படித்தான் மாளிகைப் பலகையில எழுதியிருக்கு, அதைத்தான் நானும் சொல்லுவேன். ஒரு நாள் இந்த மண்ணோட பூர்வகுடி, ஒரு மாவோரிப் பொண்ணு, கையைத் தூக்கி, 'எங்க ஆளுங்க இங்கதான் இருந்தாங்க, இந்தக் குளத்துலதான் விலாங்கு பிடிச்சாங்க'ன்னா. கேள்வியெல்லாம் கடைசியிலன்னு சொல்லிட்டு அடுத்த ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். கடைசியில அவ இல்ல. முறைப்படி நடந்தா எந்தச் சிக்கலும் வராது.

இப்ப பட்டத்துல இருக்கறவரு சர் ரூபர்ட். நல்ல மனுசன், ஆனா பட்டத்துக்குத் தகுந்த பழக்கவழக்கம் கம்மி. அரைக்கால் சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கிட்டு ஆட்டு மந்தைக்குள்ள நிப்பாரு. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்பாரு. கூப்பிடுவேனா நான்? அவரு கூடத்துக்குள்ள வந்தா சுத்திப் பாக்க வந்தவங்க எல்லாரையும் எந்திரிச்சு நிக்கச் சொல்லுவேன். ஒரு ஆஸ்திரேலியாக்காரன் மட்டும் எந்திரிக்கல. சர் ரூபர்ட் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'தயவுசெஞ்சு இதை விட்டுருங்க கோமதி'ன்னாரு. நான் விடல. அவருக்கும் வேண்டாம்னு சொல்லுத நாகரிகம் கொஞ்சம் இருக்குன்னு நினைச்சுச் சந்தோசப்பட்டேன்.

மாளிகைக்குப் பெருமையே எட்மண்டு ஹேல்ஸ்டன்தான். முதல் சரோட ரெண்டாவது மகன். மூத்தவனுக்குப் பட்டமும் நிலமும் போயிரும், இளையவன் என்ன செய்வான்? தென்துருவத்துக்குப் போனான். இந்தா இப்ப நாம போறமே, இதே லிட்டெல்டன்ல இருந்துதான் பாய்க்கப்பல் ஏறினான். அங்க பனிக்கரையில மரக்குடிசை கட்டி, நாய் கட்டின சறுக்குவண்டியில மைனஸ் நாப்பது டிகிரி குளிர்ல கிளம்பி, ரெண்டு விரலைக் குளிருக்குப் பறிகொடுத்துட்டு வந்து சேர்ந்தான். கொஞ்ச நாள் வீட்டுல இருந்தான். மறுபடி கூப்பிட்டாங்க. மறுபடி போனான். ரெண்டாவது தடவை வரல. பனிப்புயல்ல கூடாரத்துக்குள்ள சாப்பாடு தீர்ந்துபோயிச் செத்தான்.

சறுக்குவண்டி இன்னும் கூடத்துல இருக்கு. அது பக்கத்துல நின்னு அரைமணி நேரம் பேசுவேன். மாடியில ஒரு ஜன்னல் ரூம் இருக்கு. எட்மண்டு பெண்டாட்டி கான்ஸ்டன்ஸ் அம்மா அந்த ஜன்னல்லயே நின்னு ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தாங்களாம், குளிர்காலம் பூரா. அங்க ஒண்ணும் இல்ல, ஒரு நாற்காலி, ஒரு படம். 'இவங்க காத்திருந்தாங்க'ன்னு சொல்லிட்டு நடன்னு கூட்டிட்டு வந்துருவேன். வேறென்ன சொல்ல இருக்கு, பெண்டாட்டின்னா காத்திருக்கத்தானே செய்யணும்.

இந்த இடத்துலதான் ஆவுடை உள்ள வாரா. ஒரு நாள் நான் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டேன். வடிவுகிட்ட வழி கேட்டுக்கிட்டு, பஸ் மாறி, தன்னந்தனியா மாளிகைக்கு வந்து நிக்கா. அதுவும் முன்வாசல் வழியா. செருப்போட. கௌரவப் பதவியில இருக்கறவன் பெண்டாட்டி பின்வாசல் வழியாத்தான் வரணும்னு அவளுக்கு யாரு சொல்லுதது? அதுக்குள்ள சர் ரூபர்ட் பெண்டாட்டி, லேடி பியோனா, அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் பதறிப்போய் எட்டிப் பாக்கேன், ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில உக்காந்து பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருக்காங்க. ஆவுடைக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எஸ்ஸு, குட்டு, தேங்க்ஸு. லேடிக்குத் தமிழ் சுத்தமாத் தெரியாது. ஆனா பேச்சு நிக்கல. என்னத்தைப் பேசினாளுவளோ.

அதுக்குப் பிறகு வாராவாரம் போவா. தேங்காப்பால் ஊத்தி நம்ம ஊர்ச் சொதி வச்சுக் குடுத்திருக்கா, மாளிகையில எல்லாரும் வழிச்சுத் தின்னிருக்காங்க. எனக்கு இது பிடிக்கல. பிடிக்கலன்னு சொன்னேன். 'சரி, அப்ப நான் போகலை'ன்னு சொல்லுவான்னு பாத்தேன். 'அப்படியா'ன்னுட்டு அடுத்த வாரமும் போனா.

ஒரு தடவை நான் சறுக்குவண்டி பக்கத்துல நின்னு எட்மண்டு பட்டினி கிடந்த கதையை உருக்கமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒருத்தி கண்ணைத் துடைக்கா. அந்த நேரம் பாத்து இவ அடுப்படியில இருந்து வந்து கூட்டத்துல நின்னுருக்கா. 'பாவம், ஒரு ஜாடி புளிக்காய்ச்சல் கையோட கொண்டு போயிருந்தா இப்படி ஆயிருக்குமா, அது எத்தனை மாசம் ஆனாலும் கெடாதே'ன்னு தமிழ்ல சத்தமாச் சொல்லுதா. ஆவுடை என்ன சொன்னான்னு லேடி பியோனா என்னைக் கேட்டாங்க. மானம் போச்சேன்னு மொழிபெயர்த்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. லேடி சிரிக்கல. 'நிஜமாவே கெடாதா?'ன்னு மட்டும் கேட்டாங்க.

இப்ப நடந்ததுக்கு வாரேன். எட்மண்டு கட்டின குடிசை இன்னும் அங்க பனிக்கரையில நிக்கு. பலகையெல்லாம் இத்துப்போச்சு. அதைச் செப்பம் பண்ண இவங்க குடும்பம் கோடைக்குக் கோடை ஒரு சின்னக் கப்பல்ல தச்சங்களைக் கூட்டிட்டுப் போகும். போன கார்த்திகையில ஒரு நாள் நான் கேட்டைச் சாத்திட்டு வாரேன். சர் ரூபர்ட் டிராக்டர் மேல உக்காந்து வைக்கோல் ஏத்திக்கிட்டு இருக்காரு. என்னைப் பாத்துட்டு, 'கோமதி, இந்தத் தடவை கப்பல்ல ஒரு இடம் இருக்கு. எங்க வீட்டுக் கதை என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும், நீங்களும் வாங்களேன்'னாரு.

தாயி, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தென்துருவம்! சிரஸ்தார் கோமதிநாயகம்! உள்ளுக்குள்ள அப்படியே துள்ளுது. கடையில கம்பளி உள்ளாடை தள்ளுபடியில வந்துச்சுன்னு முந்தின மாசமே ரெண்டு செட் வாங்கி வச்சிருந்தேன், வடிவுகிட்ட வீட்டுக் குளிருக்குன்னு சொல்லி. கேப்பாங்கன்னு ஒரு நப்பாசைதான். ஆனா பெரிய மனுசன் ஒரு பெரிய விஷயத்தைக் கேக்காரு. பறக்காவெட்டி மாதிரி உடனே தலையை ஆட்ட முடியுமா? அதனால, 'ஐயையோ, நான் எதுக்கு சர், வயசாயிருச்சு, எனக்கெதுக்கு அதெல்லாம்'னேன். நல்லாத்தான் சொன்னேன். கையைக்கூட நெஞ்சில வச்சுக்கிட்டேன்.

அந்த மனுசன் என்ன செய்யணும்? 'அட சும்மா வாங்க கோமதி'ன்னு சொல்லணும். 'நீங்க இல்லாம எப்படி'ன்னு ஒரு வார்த்தை. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'நியாயம்தான், உங்க இஷ்டம்'னாரு. டிராக்டரைக் கிளப்பிட்டாரு. போயிட்டாரு. நான் அந்தப் புழுதியில நின்னுக்கிட்டு இருக்கேன்.

மறுநாள் கேப்பாருன்னு நினைச்சேன். வேணும்னே ஆட்டுப்பட்டிப் பக்கமா நாலு தடவை நடந்தேன். நல்லா இருக்கியளான்னு கேட்டாரு. அதுக்கடுத்த நாள் மழையைப் பத்திக் கேட்டாரு. பரம்பரைப் பட்டம்! என்ன பட்டம்? விருந்தாளியை ரெண்டு தடவை கேக்கத் தெரியல.

அதோட விட்டுருந்தா நான் பொறுத்துருப்பேன். கப்பல் கிளம்ப இருக்கும்போது சமையல்காரன் மாடிப்படியில விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டான். லேடி பியோனா அடுப்படியில ஆவுடையைக் கேட்டிருக்காங்க. கப்பலுக்குச் சமைக்க நீ வாரியான்னு. அவ சுத்த சைவம் தாயி! முட்டை வச்ச தட்டையே தள்ளி வைப்பா. கறி வேணும்னா அவனவன் வறுத்துக்கிடட்டும், மத்தது நீ பாத்துக்கோன்னாங்களாம். இவ என்ன சொல்லணும்? வீட்டுக்காரரைக் கேக்கணும்னு சொல்லணும். குறைஞ்சது ஒரு வேண்டாம், ஒரே ஒரு வேண்டாம் சொல்லணுமா இல்லையா? கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே 'எஸ்ஸு'ன்னுட்டா. முதல் தடவையே. லேடியே என்கிட்டச் சொல்லிச் சிரிக்காங்க. எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுது. என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? பெண்டாட்டியை அலைய விட்டு வளர்த்தவன்னு நினைக்க மாட்டாங்க?

சாயங்காலம் வீட்டுல வந்து, 'கேட்டாங்க, சரின்னுட்டேன், போயிட்டு வரட்டா?'ன்னா.

நான் கோவப்படல. பெருந்தன்மையாத்தான் சொன்னேன். 'தாராளமாப் போ. எனக்கென்ன, ஒரு வாய் ரசம் வச்சுக்கிடத் தெரியாதா'ன்னேன். அதுக்கு அவ, 'உங்களை விட்டுட்டு எப்படிப் போவேன்'னு சொல்லணும். நான் 'பரவால்ல போ'ம்பேன். அவ அழுவா. 'நான் போகலை'ம்பா. அப்படித்தானே போகும் இந்தப் பேச்சு? நான் சொன்ன வார்த்தை காத்துல கலையுமுன்ன அவ பரண்ல இருந்து பெட்டியை இறக்கிட்டா. நாப்பது வருஷத்துக்கு மேல என்கூடக் குடித்தனம் பண்ணினவ, நான் போன்னா போகக்கூடாதுன்னு அர்த்தம்னு தெரியாதா அவளுக்கு? தெரியும் தாயி. நல்லாத் தெரியும். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

டாக்டர் சோதனை உண்டுன்னாங்க. அதுலயாவது பயணம் நின்னு போகட்டும்னு முருகனை வேண்டிக்கிட்டேன். அவளுக்கு எல்லாம் சரியா இருக்காம். கூடப் போன என் கையிலயும் ஒரு பட்டையைச் சுத்திப் பாத்துட்டு, ஐயாவுக்குத்தான் ரத்தக்கொதிப்பு இருக்குன்னு மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு.

போனா. ஜாடி ஜாடியாப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக்கிட்டு, ஆரஞ்சு நிறத்துல ஒரு பெரிய கோட்டு மாட்டிக்கிட்டு, சேலைக்குக் கீழ என்னோட கம்பளி உள்ளாடையைப் போட்டுக்கிட்டுப் போனா. 'நீங்கதான் போகலையே'ன்னு எடுத்துக்கிட்டா. ரெண்டு செட்டையும்.

சாட்டிலைட்டு போன்ல எப்பவாவது கூப்பிடுவா. கொஞ்ச நேரம்தான் பேச முடியும், கொர்ருன்னு போயிரும். கடல் கப்பலைத் தூக்கித் தூக்கிப் போட்டுச்சாம், தச்சன் எல்லாம் படுத்துட்டானாம், இவ மட்டும் இஞ்சித் தண்ணி காய்ச்சிக்கிட்டு நின்னாளாம். பென்குயின் பாத்தாளாம். 'ஏதோ ஜமீன்தார் மாதிரி நடக்கு, உங்களை நினைச்சுக்கிட்டேன்'னா. எட்மண்டு குடிசைக்குள்ளயே போனாளாம் தாயி! நான் அரைமணி நேரம் பேசுத குடிசை! உள்ள எப்படி இருக்குன்னு உயிரைக் குடுத்துக் கேக்கேன். 'நம்ம ஊர் ரேஷன் கடை மாதிரி இருக்கு. அடுப்புதான் பாவம் ரொம்பச் சின்னது'ங்கா. இதுக்கா போனே?

இன்னொரு நாள் ஒரு சந்தேகம் கேட்டா. அங்க இப்ப கோடை, சூரியன் மறையறதே இல்ல. 'ராத்திரியே வர மாட்டேங்கு, சாயங்கால விளக்கு எப்ப ஏத்துதது?'ன்னு கேட்டா. கப்பல்ல நெருப்பு கூடாது, பேட்டரி விளக்குதான், இருந்தாலும் நேரம் வேணுமே. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. முறை தெரிஞ்ச ஆளுகிட்டத்தானே கேக்கணும். ஒரு நாள் முழுக்க யோசிச்சு, நம்ம திருநெல்வேலி நேரப்படி ஆறு மணிக்கு ஏத்துன்னு தீர்மானிச்சு வச்சிருந்தேன். அடுத்த தடவை கூப்பிட்டப்ப சொன்னேன். 'அதுவா, தோணும்போதெல்லாம் ஏத்திக்கிடுதேன், இங்க எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு'ன்னுட்டா.

நான் இங்க என்ன செய்யுதேன்னு கேளு. வடிவு வேலைக்குப் போறதுக்கு முன்ன, 'அப்பா, தோசை ஊத்தட்டா?'ன்னு கேப்பா. வேண்டாம்மான்னு சொல்லுவேன். 'சரிப்பா'ன்னுட்டு சாவியை எடுத்துக்கிட்டுப் போயிருவா. என் மகதான். இங்க வந்து கெட்டுப்போனா. ரொட்டியைச் சுட்டுத் தின்னுக்கிட்டு இருக்கேன் தாயி, மாசி பிறந்தாச்சு.

மாளிகையில ஒண்ணு மட்டும் மாறிப்போச்சு. அந்த ஜன்னல் ரூம் சொன்னேனே, கான்ஸ்டன்ஸ் அம்மா நின்ன இடம். இப்ப அங்க போனா காலு நகர மாட்டேங்கு. அந்த அம்மா எந்நேரம் வந்து நின்னுருப்பாங்க, என்ன சாப்பிட்டிருப்பாங்க, மறுபடி போறேன்னு அவன் சொன்னப்ப வாயைத் திறந்து போகாதேன்னு சொன்னாங்களா, இல்ல கௌரவமாப் போயிட்டு வான்னு சொல்லிட்டு அவனா நிப்பான்னு நினைச்சாங்களா, இதையெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கேன். போன வாரம் ஒருத்தன் கடிகாரத்தைப் பாத்துட்டு, சறுக்குவண்டி எப்ப காட்டுவீங்கன்னான். அது எங்கயும் ஓடிப்போயிராது, இருய்யான்னேன்.

இதுக்கும் ஆவுடை போனதுக்கும் சம்பந்தம் இல்ல. வரலாறுன்னா எல்லாப் பக்கமும் சொல்லணும்.

சுரங்கம் வந்துருச்சா? இதைத் தாண்டினா துறைமுகம்தான். சீக்கிரம் சொல்லி முடிச்சிருதேன், இதுதான் முக்கியம்.

கடைசியா முந்தாநாள் கூப்பிட்டா. கப்பல் வியாழக்கிழமை, அதான் இன்னைக்கு, கரைக்கு வருதுன்னா. அப்புறம் சொல்லுதா, 'அடுத்த வருசமும் போறாங்களாம். நான் வாரேன்னுட்டேன். குடிசையைப் பாக்க வெளிஆளுங்களும் வாராங்களாம், கதை சொல்ல ஆள் வேணுமாம். உங்களைக் கேக்கச் சொன்னாரு ரூபர்ட்டு. நீங்களும் வாரியளா?'

ரூபர்ட்டாம். பேரைச் சொல்லுதா. அதை விடு. நான் என்ன சொன்னேன்னு நினைக்கே?

ஆமா தாயி. 'எனக்கெதுக்கு இந்த வயசுல, வேண்டாம்'னுட்டேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிருச்சு. அவ மறுபடி கேக்கறதுக்குள்ள கொர்ருன்னு போயிருச்சு. போனைப் பிடிச்சுக்கிட்டு ஆவுடை, ஆவுடைன்னு கத்துதேன். ஒண்ணும் இல்ல. அதுக்குப் பிறகு அவ கூப்பிடல. லைன் கிடைக்கலையா, இல்ல அவளுக்கு என் பதில் கிடைச்சிருச்சா, அதுதான் தெரியல.

அந்தா, வெளிய வந்துட்டோம். தண்ணி தெரியுது பாரு. அந்தச் சிவப்புக் கப்பல்தான். மேல் தட்டுல ஆரஞ்சா ஒண்ணு நிக்கே, அது ஆளா, மூட்டையா? கை ஆட்டுதா? யாரைப் பாத்து ஆட்டுதா, நான் பஸ்ஸுக்குள்ளல்லா இருக்கேன். எல்லாருக்கும் ஆட்டுதா போல.

என்ன சொன்னே? நானே போய் வாரேன்னு சொல்லிரணுமா? கேக்கறதுக்கு முன்னயா? அதெப்படி தாயி. அவ ரெண்டாவது தடவை கேக்கட்டும், ஒரு சேச்சே சொல்லிக்கிடுதேன். மூணாவது தடவை கேட்டா, சரின்னு போயிருதேன். எங்களுக்குள்ள அதுதானே பழக்கம். மூணு தடவை கேக்கறவதான் அவ.

இன்னும் கேக்கறவளா இருந்தா. அங்க ஒரு தடவைக்கு மேல யாரும் எதையும் கேக்கறது இல்ல. அந்தப் பழக்கம் அவளுக்கும் ஒட்டியிருந்தா? கரையில இறங்கி, சுகமா இருக்கியளான்னு கேட்டுட்டு, மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டா? பயமா இருக்கு தாயி. நிஜமாவே பயமா இருக்கு. அந்த மனுசன் எட்மண்டுக்குப் பனியில ஒண்ணும் பயமா இருந்திருக்காது. வீட்டுல இருக்கறவனுக்குத்தான் பயம்.

பெல்லை அடி, அடுத்த ஸ்டாப்பு. இரு, இறங்குமுன்ன எனக்கு ஒரு உதவி செய்யி. அந்த முறுக்கு டப்பாவைத் திற. திறந்து என்கிட்ட நீட்டி, சாப்பிடுதியளான்னு கேளு. ஒரு ஒத்திகைதான். முதல் தடவையே சரின்னு சொல்லிப் பாக்கேன். என்ன பெரிய வித்தை, ரெண்டு எழுத்து. அவளுக்கு முன்னால வாய் குழறிரக் கூடாது பாரு. ம், கேளு.

வேண்டாம் தாயி, நீ சாப்பிடு.

ஐயோ, இரு இரு. மூடாத. தாயி, மூடிராத. இன்னொரு தடவை கேளு.